கையிலுள்ள தொலைபேசியும் வீட்டிலுள்ள கோப்பும்

ஏடு இருக்கும் இடத்துக்கு மனிதன் போக வேண்டும். மனிதன் இருக்கும் இடத்துக்கு ஏடு வராது. எழுத்துத் தோன்றிய காலந்தொட்டு நிலவிவந்த நியதி இது. காணிப் பதிவகத்திற் கிடக்கும் உறுதியின் படியைப் பார்க்க விரும்பியவர் விடியுமுன் எழுந்து பேருந்தேறிப் பதிவகத்துக்குப் போனார். கணக்குப் புத்தகத்தை வீட்டில் மறந்து வைத்தவர் வீட்டுக்குத் திரும்பினார். இன்றோ, புகைவண்டியிற் பயணஞ்செய்யும் ஒருவர் சட்டைப்பையிலிருந்து கையடக்கத் தொலைபேசியை எடுத்து, அதிலுள்ள செயலி ஒன்றைத் தொட்டு, வீட்டு மேசைமேல் விட்டுவந்த கணினியில் எழுதிய கடிதத்தைத் திறந்து, ஒரு பிழையைத் திருத்தி, வேண்டியவர்க்கு அனுப்பிவிட்டுச் சன்னலுக்கு வெளியே பார்க்கின்றார். அவருடைய வியப்பு முதல் நாளோடு முடிந்துவிட்டது. ஆயினும் அவர் கேளாது விட்ட வினா ஒன்றுண்டு. அக்கடிதம் வீட்டுக் கணினியிலிருந்து வந்ததா, அன்றி எங்கோ ஒரு நாட்டில் ஒரு நிறுவனத்தின் களஞ்சியத்திலுள்ள படியிலிருந்து வந்ததா? கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். உண்மையில் அவை வெவ்வேறு வழிகள். அவ்வழிகள் எவ்வாறு தோன்றின, எங்கே பிரிந்தன என்பதை அறிய எண்பதாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றைச் சிறிது புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

தொலைவிலுள்ள கணிபொறி ஒன்றை இருந்த இடத்திலிருந்தே இயக்கலாம் என்பது 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 11ஆம் நாள் மெய்ப்பிக்கப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில், நியூ ஹம்ஷயர் மாநிலத்து ஹனோவர் என்னும் சிற்றூரிலுள்ள டார்ட்மத் கல்லூரியிற் கணிதவியலாளர் சங்கம் ஒன்று கூடியிருந்தது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் ஸ்டிபிட்ஸ் என்னும் அறிஞர் அங்கே ஒரு தொலைத்தட்டச்சுப் பொறியை மாத்திரம் கொண்டுவந்து வைத்தார். அவர் அமைத்த கணிபொறியோ நியூயோர்க் நகரில் இருந்தது. அதனை மலைநாட்டுக் கல்லூரிக்குத் தூக்கி வருதல் இலகுவான காரியமன்று. ஆகவே அவர் தந்திக் கம்பியை நாடினார். சபையோர் கணக்கைத் தட்டச்சுச் செய்தனர். கணக்கு நியூயோர்க்குக்குப் போயிற்று. ஒரு நிமிடமும் ஆகுமுன் விடை அதே பொறியில் அச்சாகி வந்தது. இதனைத் தம் கையால் முயன்று பார்த்தவர்களுள் நோபட் வீனர், ஜோன் மோச்லி ஆகிய இருவரும் இருந்தனர். எனியாக் என்னும் மாபெரும் மின்னணுக் கணிபொறியைப் பின்னாளில் அமைத்த இருவருள் ஒருவர் இந்த மோச்லியே. ஸ்டிபிட்சின் பொறி கணக்கைச் செய்ததேயன்றி எதனையும் சேமித்து வைக்கவில்லை. விடையைத் தந்ததும் அதன் கடமை தீர்ந்தது. தொலைவிலிருந்து எட்டிப் பார்க்க அங்கே கோப்பு என்று ஒன்றும் இல்லை.

கோப்பு பிறந்த கதை அதற்கு இருபதாண்டுகளின் பின்னர் நிகழ்ந்தது. அக்காலத்துக் கணினிகள் ஒரு மண்டபத்தை நிறைப்பன, விலையோ சொல்லுந்தரமன்று. ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் காத்திருத்தல் வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பெர்னாண்டோ கோர்பாட்டோ என்பவரும் அவர்தம் துணைவரும், ஒரே கணினியின் நேரத்தைச் சிறு சிறு துண்டுகளாக்கிப் பலருக்கு மாறி மாறி வழங்கும் முறையை 1961ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திற் செய்து காட்டினர். ஒவ்வொருவரும் கணினி முழுவதும் தமக்கே உரியதென எண்ணிக்கொண்டனர். இம்முறை வளர்ந்தபோது ஒவ்வொருவருக்கும் அவர் பெயரால் கோப்புகள் அமைந்தன. பலர் கூடி வாழும் வீட்டிற் பெட்டிக்குப் பூட்டு வேண்டுமல்லவா? ஆகவே கடவுச்சொல்லும் உடன் வந்தது. இன்று உலகெங்கும் மக்கள் மறந்து மறந்து துன்புறும் கடவுச்சொல் கணினியுலகிற் பரவத் தொடங்கியது இவ்விடத்திலிருந்தே எனலாம்.

பூட்டு வந்ததும் பூட்டைத் திறக்கும் கலையும் வந்துவிட்டது. அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்குச் சில மணித்தியாலங்களே கணினி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது போதாதிருக்கவே, 1962ஆம் ஆண்டில் அவர் கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பையே அச்சிடும்படி கணினிக்குக் கட்டளையிட்டுப் பெற்றுக்கொண்டார். இச்செய்தியைப் பல ஆண்டுகள் கழித்து அவரே வெளியிட்டார். அது ஒருவர் செய்த சூழ்ச்சி. 1966ஆம் ஆண்டில் நிகழ்ந்ததோ எவரும் எண்ணிச் செய்ததன்று. கடவுச்சொற் பட்டியலை ஒருவர் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில் அன்றைய அறிவித்தலை இன்னொருவர் திருத்தினார். கணினி இரண்டு தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயரை இட்டுவிட்டது. ஒன்று மற்றொன்றாயிற்று. அதன்பின் கணினியுள் நுழைந்த ஒவ்வொருவருக்கும் வணக்கம் கூறும் அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. ஒருவர் தம் கோப்பைப் பிறர் இடத்தில் வைக்கும்போது, கோப்பின் காவல் தம் கவனத்தை மட்டும் பொறுத்ததன்று, அவ்விடத்தாரின் கவனத்தையும் பொறுத்தது என்பதற்கு இந்நிகழ்ச்சியே முதற் சான்றாயிற்று.

இவையெல்லாம் பெரும்பாலும் ஓர் ஊருக்குள், ஒரு கழகத்துக்குள் நடந்தவை. 1968ஆம் ஆண்டு டிசெம்பர் 9ஆம் நாள் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் சான்பிரான்சிஸ்கோ நகர மேடையில் அமர்ந்து, ஏறத்தாழ 50 கிலோமீற்றருக்கு அப்பால் மென்லோ பார்க்கில் இருந்த தம் ஆய்வுகூடக் கணினியிற் கோப்புகளைத் திறந்தும் திருத்தியும் ஒன்றரை மணிநேரம் காட்டினார். பின்னால் இருந்த பெருந்திரையில் எழுத்துகள் அவர் கையசைவுக்கேற்ப நகர்ந்தன. அடுத்த ஆண்டு, 1969 ஒக்டோபர் 29ஆம் நாள் இரவு, லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்துக் கணினியிலிருந்து அதே மென்லோ பார்க்கிலுள்ள இன்னொரு கணினியுள் நுழையச் சார்லி கிளைன் என்னும் மாணவர் முயன்றார். நுழைவதற்குரிய ஆங்கிலச் சொல்லின் முதலிரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்தன. மூன்றாவது எழுத்தில் அப்பாலிருந்த கணினி செயலிழந்தது. ஏறத்தாழ ஒரு மணிநேரத்தின் பின் அதனைச் சரிசெய்து உள்ளே புகுந்தனர். இன்றைய இணையத்தின் முதற் பேச்சு அந்த இரண்டெழுத்துத்தான். அது வாழ்த்தன்று, செய்தியன்று. தொலைவிலுள்ள கணினி ஒன்றின் கதவைத் தட்டிய ஓசை என்பது கவனித்தற்குரியது.

கதவைத் தட்டி உள்ளே போவது ஒரு வழி. போகாமல், வேண்டிய பொருளை மாத்திரம் வெளியே எடுப்பித்துக்கொள்வது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்கு ஒழுங்குவிதி எழுதியவர் இந்தியாவைச் சேர்ந்த அபய் பூஷண் ஆவர். அலகாபாத்திற் பிறந்து, கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதலணி மாணவர்களுள் ஒருவராகப் பட்டம் பெற்று, மாசசூசெட்சுக்குச் சென்ற அவர், கோப்புப் பரிமாற்ற விதிகளின் முதல் வரைவை 1971ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வெளியிட்டார். வெவ்வேறு நிறுவனத்தார் செய்த, வெவ்வேறு இயல்புடைய கணினிகள் தம்முட் கோப்புகளைக் கொடுத்து வாங்க வேண்டுமாயின், கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும் முற்கூட்டியே பேசி முடிக்கப்பட்டிருத்தல் வேண்டும். பூஷண் செய்தது அதுவே. தொலைபேசியிலுள்ள எந்தக் கோப்புச் செயலியை ஆராய்ந்தாலும், அது உள்ளே போகும் வழியைச் சார்ந்ததாயிருக்கும், அல்லது எடுப்பித்துக்கொள்ளும் வழியைச் சார்ந்ததாயிருக்கும். மூன்றாவது வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

அடுத்த பத்தாண்டுகளிற் கதை தலைகீழாயிற்று. 1977இல் அப்பிள் நிறுவனத்தாரும், 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தாரும் மேசைமேல் வைக்கும் சிறு கணினிகளை விற்பனைக்கு விட்டனர். கழகத்து மண்டபத்திலிருந்த கோப்பு தனிமனிதர் வீட்டுக்கு வந்தது. சொந்தக்காரன் மகிழ்ந்தான், ஆனால் பழைய தளை திரும்பவும் வந்து சேர்ந்தது. கோப்பு வீட்டில் இருந்தால் மனிதனும் வீட்டில் இருத்தல் வேண்டும். அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல விரும்பியவன் நெகிழ்தட்டு ஒன்றிற் படியெடுத்துச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டான். கோப்பின் வேகம் மறுபடியும் மனிதக் காலின் வேகமாயிற்று.

இத்தளையை அறுக்க முயன்றவர்களுள் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரத்தார் குறிப்பிடத்தக்கவர். அந்நகரத்துப் பல்கலைக்கழகக் கணினி ஆய்வுகூடத்திற் கோப்பி வடிக்கும் குவளை ஒன்றுதான் இருந்தது. பல மாடி ஏறி இறங்கிக் குவளை வெறுமையாயிருக்கக் கண்டு திரும்புதல் ஆராய்ச்சியாளருக்கு அன்றாடத் துன்பமாயிற்று. 1991ஆம் ஆண்டில் இருவர் ஒரு படக்கருவியைக் குவளைக்கு நேரே நிறுத்தி, அதன் படத்தை ஒவ்வொருவர் கணினித்திரையிலும் தோன்றச் செய்தனர். அவ்விருவருள் ஒருவராகிய குவென்டின் ஸ்டாபர்ட் பிரேசர், அதே நகரிலிருந்த ஒலிவெட்டி ஆய்வுகூடத்திற் பின்னர் இன்னொரு பணியிலும் பங்குகொண்டார். தொலைவிலுள்ள கணினியின் திரை முழுவதையும் கையிலுள்ள வேறொரு திரையிற் காட்டி, அங்கிருந்தே அதனை இயக்கும் முறை அது. வீ.என்.சி. எனப் பெயர்பெற்ற அது 1998இல் எவரும் விலையின்றிப் பெறத்தக்கதாக வெளியிடப்பட்டது. அது இயங்கும் விதம் எளிமையானது. அங்குள்ள திரையில் எந்தக் கட்டம் மாறினாலும் அந்தக் கட்டத்தின் படம் மாத்திரம் இங்கே வரும். இங்கே அழுத்திய விசையும் நகர்த்திய சுட்டியும் அங்கே போகும். கோப்பு இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லை. பார்வை மட்டும் பயணஞ்செய்கின்றது.

வழியிற் கள்வர் பயமும் உண்டு. பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் எவரோ மறைந்திருந்து கடவுச்சொற்களைக் களவாடியமை தெரியவந்தபோது, அங்கிருந்த டாட்டு யூலோனென் என்பவர் 1995இல் வழிநெடுகிலும் பேச்சை மறைமொழியாக்கும் முறையொன்றை அமைத்தார். எஸ்.எஸ்.எச். என வழங்கும் அம்முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது.

தொடர்பே அற்றுப்போனால் யாது செய்வது? இவ்வினாவை முதன்மையாக எடுத்து ஆராய்ந்தவர் மகாதேவ் சத்தியநாராயணன் என்னும் பேராசிரியர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் படித்து, அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், 1980களின் பிற்பகுதியிற் கோடா என்னும் கோப்பு முறையைத் தம் மாணவருடன் அமைக்கத் தொடங்கினார். தொடர்பு இருக்கும்போதே வேண்டிய கோப்புகளைக் கையிலுள்ள கணினி பதுக்கி வைத்துக்கொள்ளும். தொடர்பு அறுந்தபின் அப்படியிலேயே வேலை நடக்கும். தொடர்பு மீண்டதும் மாற்றங்கள் தாய்க்கோப்பிற் சேரும். மாரிக்கு முன் நெல்லைக் குதிரில் இட்டு வைக்கும் வீட்டாரின் முன்யோசனை போன்றது இது. இன்று தொலைபேசிச் செயலிகளில், தொடர்பில்லாதபோதும் கோப்பைத் திறக்கலாம் என்று ஒரு வசதி காணப்படுகின்றதே, அதன் வேர் இவ்வாராய்ச்சியில் உண்டு.

இவ்வளவு கருவிகளும் ஆயத்தமாயிருந்தும், சாதாரண மனிதர் தம் வீட்டுக் கணினியை வெளியிலிருந்து எட்டமுடியவில்லை. தடை வேறிடத்தில் இருந்தது. இணையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். முன்னோர் வகுத்த முறையில் ஏறத்தாழ 429 கோடி எண்களே அமையும். அவை போதா என்பது 1990களின் தொடக்கத்திலேயே புலனாயிற்று. ஆகவே ஒரு வீட்டுக்கு ஒரு வெளிமுகவரி மட்டும் கொடுத்து, வீட்டினுள் இருக்கும் கருவிகளையெல்லாம் அதன் பின்னால் மறைத்து வைக்கும் உபாயம் 1994 முதல் வழக்கத்துக்கு வந்தது. இதன் விளைவு யாதெனில், வீட்டிலிருந்து வெளியே கடிதம் எழுதலாம், பதிலும் வரும். வெளியார் தாமாக எழுதும் கடிதமோ வாசலில் நின்றுவிடும். வீட்டினுள் எவருக்கு உரியதென்று வாசலுக்குத் தெரியாது. தொலைபேசி வலையமைப்புகளிலோ ஆயிரக்கணக்கானோர் ஒரே வெளிமுகவரியின் பின்னால் இருப்பதுண்டு.

ஆகவே இடைத்தரகர் ஒருவர் தேவைப்பட்டார். இன்றைய செயலிகளிற் பெரும்பாலானவை இயங்கும் விதம் பின்வருமாறு. வீட்டுக் கணினியில் நிறுவிய மென்பொருள் தானாகவே வெளியே சென்று, நிறுவனத்தின் சேவையகத்தோடு ஓர் இணைப்பை ஏற்படுத்திக்கொண்டு காத்திருக்கும். தொலைபேசியிலுள்ள செயலியும் அதே சேவையகத்துக்குப் போகும். தரகர் இருவர் கையையும் பிடித்துச் சேர்த்துவைப்பார். கூடுமாயின் இருவரையும் நேரே பேசவிட்டு விலகிக்கொள்வார். கூடாவிடின் ஒவ்வொரு சொல்லையும் தாமே சுமந்து கொடுப்பார். 2005இல் ஜேர்மனியிற் தோன்றிய டீம்வியூவர் முதலியவை இம்முறையைச் சேர்ந்தவை.

தொலைபேசிக்கு வருவோம். அப்பிள் நிறுவனத்தின் ஐபோன் 2007இல் வந்தது. செயலிகளை விற்கும் அங்காடி 2008ஆம் ஆண்டு யூலை 10ஆம் நாள் திறக்கப்பட்டது. கூகிள் நிறுவனத்தின் அண்ட்ரொயிட் தொலைபேசியும் அதே ஆண்டில் விற்பனைக்கு வந்தது. வீ.என்.சி. முறையைத் தொலைபேசிக்குக் கொண்டுவந்தபோது ஒரு சங்கடம் தோன்றிற்று. மேசையளவு திரை உள்ளங்கையளவாகச் சுருங்கியது. சுட்டியின் கூரிய முனைக்காக வகுத்த பொத்தான்களைத் தடித்த விரலால் தொடவேண்டியதாயிற்று. இடையிடையே திரையைப் பெருப்பித்துப் பார்த்து, ஒரு கோப்பைத் திறப்பதற்குள் பயணி இறங்கவேண்டிய நிலையம் வந்துவிடும். திரை வேண்டா, கோப்பு மாத்திரம் வந்தாற் போதும் என மக்கள் எண்ணியதில் வியப்பில்லை.

அந்த எண்ணத்தைப் பயன்படுத்திக்கொண்டவர் டுரூ ஹூஸ்டன் என்னும் இளைஞர். பொஸ்ரனிலிருந்து நியூயோர்க்குக்குப் பேருந்திற் புறப்பட்ட அவர், தம் கோப்புகள் அடங்கிய சிறு நினைவகத்தை வீட்டில் மறந்துவிட்டதை உணர்ந்து, அப்பயணத்திலேயே புதிய முறையொன்றை எழுதத் தொடங்கினார் என்பது அவர் கூறும் வரலாறு. அராஷ் பர்தோசி என்பவரோடு சேர்ந்து 2007இல் அவர் நிறுவிய டிரொப்பொக்ஸ், 2008ஆம் ஆண்டு செப்டெம்பரிற் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அவர் வீட்டுக் கணினிக்குப் போக வழி தேடவில்லை. கோப்பின் படியை நிறுவனத்தின் களஞ்சியத்துக்கு அனுப்பி, அங்கிருந்து எல்லாக் கருவிகளுக்கும் பகிர்ந்தார். வீட்டுக் கணினி உறங்கினும் இறப்பினும் தொலைபேசிக்குக் கோப்பு கிடைத்தது. அப்பிளின் ஐகிளவுட் 2011இலும், கூகிள் டிரைவ் 2012இலும் இதே வழியில் வந்தன. மைக்ரோசொப்ட் நிறுவனம் 2007 முதலே இவ்வழியில் இருந்தது. முகில் என இன்று வழங்குவது இக்களஞ்சியங்களையே. பெயர் வானத்தைச் சுட்டினும், உண்மையில் அவை தரையிற் கட்டிய கட்டடங்கள். அவற்றுக்கு மின்சாரமும் காவலாளியும் வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பும் வழியை இரு பெரிய நிறுவனங்கள் சில காலம் திறந்து வைத்திருந்தன. அப்பிள் நிறுவனம் 2007 முதல் தன் கணினிகளிடையே அத்தகைய சேவை ஒன்றை வழங்கிற்று; 2019 யூலை முதலாம் நாள் அது நிறுத்தப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனம், வீட்டுக் கணினியில் எந்த மூலையிற் கிடக்கும் கோப்பையும் வெளியிலிருந்து எடுக்கும் வசதியை 2012இல் தந்து, 2020 யூலை 31ஆம் நாளோடு மீளப் பெற்றுக்கொண்டது. களஞ்சியத்தில் வைத்த கோப்பு மட்டுமே அதன்பின் அவ்வழியிற் கிடைக்கலாயிற்று. களஞ்சியத்துக்கு மாதவாடகை உண்டு. வீட்டுக் கணினிக்கு இல்லை. இம்மாற்றத்துக்கு அதுவே முழுக் காரணமெனக் கூறுதல் நீதியன்று. ஆயினும் அதனை மறந்து கணக்குப் பார்ப்பதும் பேதைமையாம். வழி முற்றாக அடைபட்டுவிடவில்லை. வீ.என்.சி.யும் எஸ்.எஸ்.எச்.சும் இன்றும் உள்ளன. கூகிளின் தொலைமேசைச் செயலி 2014இல் அண்ட்ரொயிட்டுக்கும் 2015இல் ஐபோனுக்கும் வந்தது.

களஞ்சியக் காவலின் குறை என்ன? 2011 யூன் 19ஆம் நாள், மென்பொருளிற் செய்த ஒரு மாற்றத்தின் பிழையால், ஏறத்தாழ நான்கு மணித்தியாலம் எந்தக் கடவுச்சொல்லை இட்டாலும் டிரொப்பொக்ஸ் கணக்குகள் திறந்துகொண்டன. 1966இன் நிகழ்ச்சியை அறிந்தவர்க்கு இது பழைய கதையின் புதிய பதிப்பு. 2012 சனவரியில் மெகா அப்லோட் என்னும் களஞ்சியத்தைப் பதிப்புரிமைக் குற்றச்சாட்டின்பேரில் அமெரிக்க அரசாங்கம் முடக்கியபோது, குற்றமற்றோர் வைத்திருந்த கோப்புகளும் உடன் முடங்கின. தம் சொந்தப் படப்பிடிப்புகளைத் திரும்பப் பெற ஒருவர் நீதிமன்றம் ஏறவேண்டியதாயிற்று. இலங்கையில் 2023 ஓகஸ்ட் 26ஆம் நாள் அரசாங்க முகிலின்மீது நடந்த தாக்குதலில், அவ்வாண்டு மே 17 முதல் அந்நாள்வரை அரசாங்க மின்னஞ்சல்களிற் சேர்ந்தவை அழிந்தன. ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அக்காலப் பகுதிக்கு மீட்கத்தக்க வேறு படி இருக்கவில்லை.

அவ்வாறாயின் வீட்டுக் கணினியே மேலென்று முடிவு கட்டலாமோ எனின், அதற்கும் இலங்கையிலேயே விடை உண்டு. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை பாணந்துறை உபமின்நிலையத்துக்குட் குரங்கு ஒன்று புகுந்ததனால் தீவு முழுவதும் மின்சாரம் இழந்தது எனப் பொறுப்பான அமைச்சர் அறிவித்தார். அன்று வெளியூரிலிருந்து வீட்டுக் கணினியைத் தேடியவரின் செயலி எவ்வளவு சிறந்ததாயினும் வெறுந்திரையையே காட்டியிருக்கும். மின்சாரம் உள்ள நாளிலும் கணினி உறங்கிவிடுவதுண்டு. உறங்கும் கணினியை எழுப்ப ஒரு முறை இருக்கின்றது. வலையட்டைக்குரிய எண்ணைப் பதினாறு முறை திரும்பத் திரும்பச் சொல்லும் சிறு செய்தி ஒன்றை வீட்டு வலையினுள் அனுப்பினால், அட்டை தன் பெயரைக் கேட்டு விழித்துக் கணினியையும் எழுப்பும். ஆனால் அச்செய்தியும் வாசலில் நின்றுவிடாமல் உள்ளே புக வழி வேண்டும். எனவே விவரமறிந்தோர் கோப்பின் ஒரு படியை வீட்டிலும் ஒரு படியை முகிலிலும், இன்னுமொரு படியை எந்தக் கம்பியும் தொடாத ஒரு வட்டிலும் வைத்துக்கொள்கின்றனர்.

தொலைபேசியும் கணினியும் ஒரே வீட்டினுள் இருக்கும்போது தரகர் எவரும் வேண்டியதில்லை. 2019 முதல் ஐபோனிலுள்ள கோப்புச் செயலி அடுத்த அறையிலுள்ள கணினியின் கோப்புறையை நேரே திறக்கின்றது. அண்ட்ரொயிட்டில் அத்தகைய செயலிகள் அதற்கு முன்னரே இருந்தன. இதற்கிடையிற் கோப்பின் பிறப்பிடமும் மாறிவருகின்றது. பிறப்புச் சான்றிதழின் படம், பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை, காணி உறுதியின் ஒளிப்படம் யாவும் இப்போது முதலிற் தொலைபேசியிலேயே எடுக்கப்படுகின்றன. 2018இல் மைக்ரோசொப்ட் வெளியிட்டு, 2022இற் பெயர் மாற்றிய இணைப்புச் செயலி, தொலைபேசியிலுள்ள படங்களை மேசைக் கணினியிற் காட்டுதற்கும் அமைந்தது. அங்கே தேடிச் செல்வது கணினி. சட்டைப்பையிற் கிடக்கின்றது கோப்பு.